ஜப்பானியர் ஆட்டமும் நம்மவர் மரியாதையும்

ஜப்பானியரின் ஆடல் பாடல் முதலிய கலைகளை நம் நாட்டில் பரப்பினால், பிரிந்து கிடக்கும் சமூகங்கள் ஒன்று கூடிவிடும் என்று சொல்லுகிற கூட்டம் ஒன்று பட்டணங்களில் இருக்கிறது. அக்கலைகள் இங்கே கால் வைத்தால் மதம் கெட்டுப்போம் என்று சொல்லுகிற கூட்டமும் ஒன்று இருக்கிறது. இவ்விரு கூட்டத்தாரும் எதிரெதிராக நின்று வாதாடினாலும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாயிருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழனுடைய அபிப்பிராயம் என்னவென்று இரு சாராரும் கேட்டதில்லை. ஆகையால் கேளாமலே சொல்லத் துணிந்தேன். நான் மலாக்கா மாநிலத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கிறவன், இங்கிலீஷில் படித்தவன். படிப்பினால் ஜப்பானியரைப் பற்றிச் சில புஸ்தகங்கள் கைக்குக் கிடைத்தன. கிராணி வேலையினால் நம்மவரைப் பற்றிச் சில சங்கதிகள் கண்ணில் பட்டன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்ததின் பலனே இவ்வியாசம்.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். ஜப்பானில் கோடைகாலத்தில், இறந்துபோன முன்னோர் தத்தம் வீட்டுக்கு வந்து போகிறார்கள் என்று கருதிச் சில நாட்கள் கொண்டாடுகிறார்கள். அதற்கு ஓபோன் என்று பெயர். அந்நாட்களில் பொதுவிடத்தில் மரத்தாலாகிய உயர்ந்த பரண் ஒன்று கட்டி, அதன்மேல் தைக்கோ என்னும் பெருமேளத்தை ஏற்றி அடிக்க, ஜனங்கள் பரணைச் சுற்றி வட்டமாக ஆடுவார்கள். ஒடோரி என்றால் ஆட்டம். ஆகவே அதற்குப் போன் ஒடோரி என்று பெயர். நம் நாட்டில் கோலாலம்பூர் வட்டாரத்தில் உத்தியோகத்துக்கு வந்து குடியிருந்த ஜப்பானியர், தங்கள் குழந்தைகள் ஊர் வழக்கத்தை மறந்துவிடக் கூடாதென்று 1977-ம் வருஷத்தில் இதைத் தொடங்கினார்கள். பிறகு ஷா ஆலம் விளையாட்டரங்கில் நடந்துவந்த இவ்விழாவுக்கு நாளடைவில் மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் திரள் திரளாக வரலானார்கள்.

கோவிட் தொற்றினால் நின்றுபோயிருந்த விழா 2022-ம் வருஷத்தில் மறுபடி நடக்கவிருந்தது. அக்காலத்தில் மத விவகார அமைச்சராயிருந்த இத்ரிஸ் அகமது, இதில் வேற்று மத அம்சம் கலந்திருக்கிறது, முஸ்லிம்கள் போகவேண்டாம் என்று புத்தி சொன்னார். சிலாங்கூர் சுல்தான் ஷராபுத்தீன் இத்ரிஸ் ஷா அவர்களோ, விழாவைத் தடுக்கலாகாதென்றும், அமைச்சரே நேரில் வந்து மதத்துக்கும் கலாசாரத்துக்குமுள்ள வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டார். ஜூலை 16-ந் தேதி விழா நடந்தது. 50,000 பேர் அளவில் கூடினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. போகாதே என்று சொன்னதைப் போன்ற விளம்பரம் வேறில்லை.

மதம் கெட்டுப்போம் என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல அதிக நேரம் வேண்டியதில்லை. ஓபோன் என்ற பெயரே உல்லம்பன என்னும் வடசொல்லின் திரிபு என்று கூறுவர். புத்தருடைய சீடராகிய மௌத்கல்யாயனர், தம் தாய் பிரேத உலகில் பசியால் வாடுவதைக் கண்டு, பிக்ஷுக்களுக்கு அன்னமளித்து அவளை மீட்டாராம். மீண்டதைக் கண்டு ஆனந்தத்தால் ஆடினாராம். அந்த ஆட்டமே இந்த ஆட்டம் என்பது கதை. இதே கதையை வைத்துக்கொண்டுதான் மலாக்காச் சீனர் தங்கள் ஏழாம் மாதத்தில் செத்தவர்களுக்குப் படைக்கிறார்கள். காஜா பெராங்கிலுள்ள மலாக்காச் செட்டிகள் ‘பார்ச்சு’ என்று முன்னோருக்கு இலை போடுகிறார்கள். நம்மவர் ஆடி அமாவாசை பார்க்கிறார்கள். மலாய்க்காரர் பெருநாளன்று பெரியோர் கபர்களுக்குப் போய் நிற்கிறார்கள். செத்தவன் சோறு தின்ன வருவான் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் செத்தவனை நினைப்பது தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. நாலு சமூகத்தாரும் நாலு தேதியில் செய்கிற ஒரு காரியத்தை ஐந்தாவது சமூகத்தான் மேளத்தோடு செய்கிறான். இதில் யாருடைய மதம் யாரால் கெட்டது?

நிற்க. இந்த ஆட்டத்தில் உள்ள உண்மையான விசேஷம் ஜப்பானியரைப் புகழுகிறவர்கள் கண்ணிலும் படவில்லை, இகழுகிறவர்கள் கண்ணிலும் படவில்லை. அவர்கள் உடையைப் பார்க்கிறார்கள், விளக்கைப் பார்க்கிறார்கள், ஒழுங்கைப் பார்க்கிறார்கள். வட்டத்தைப் பார்க்கவில்லை. வட்டத்துக்குத் தலைமாடு கிடையாது, கால்மாடு கிடையாது. வருகிறவன் இடம் கிடைத்த இடத்தில் நுழைந்து, முன்னே போகிறவனைப் பார்த்துக் கையை அசைத்தால் போதும். இரண்டு சுற்றில் ஆட்டம் வந்துவிடும். முன்னே போகிறவன் முதலாளியாயிருக்கலாம், தொழிலாளியாயிருக்கலாம், முஸ்லிமாயிருக்கலாம், சீனனாயிருக்கலாம். அவன் முதுகைப் பார்த்துத்தான் நீ கற்றுக்கொள்ள வேண்டும். உன் முதுகைப் பார்த்து உன் பின்னால் வருகிறவன் கற்றுக்கொள்வான்.

நம்முடைய திருவிழாவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூசை முடிந்தவுடன் முதல் தட்டு யாருக்கு, முதல் மாலை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்பதில் ஆரம்பிக்கிற சச்சரவு அடுத்த வருஷத் திருவிழா வரையில் நடக்கிறது. கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் மூட்டையில் என்ன கொண்டுவந்தார்களோ தெரியாது. ஜாதியை மட்டும் மறக்காமல் கொண்டுவந்தார்கள். பழைய தோட்டங்களில் லயங்களையே ஜாதி பார்த்துப் பிரித்திருந்தார்கள். துரைமாருக்கும் அது சௌகரியமாயிருந்தது. இன்று லயங்கள் இடிந்துவிட்டன. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தமிழர் பெரும்பாலோர் பட்டணத்துக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். காலைப் பெரட்டில் என் எதிரே நிற்பவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேபாளத்தாருமே. ஆள் போய்விட்ட தோட்டத்திலும் கோயில் கமிட்டியும் முதல் மரியாதைச் சண்டையும் போகவில்லை. பட்டணத்துக்குப் போனவன் திருவிழாவுக்கு மட்டும் காரெடுத்து வந்து, தன் பாட்டன் வாங்கிய தட்டைக் கேட்கிறான்.

சமூகங்கள் ஒன்று கூட வேண்டும் என்று சொல்லுகிறவர்கள் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் மூன்று கட்டிகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழன் ஒரு கட்டியா? அவன் தனக்குள்ளேயே எத்தனை துண்டு என்று கமிட்டிக்காரரைக் கேட்டால் தெரியும். தன் பக்கத்து வீட்டுத் தமிழன் கையைத் தொட்டு ஆடாதவன் சீனன் கையைத் தொட்டு ஆடுகிறான் என்றால், அது ஒற்றுமையல்ல, வேடிக்கை.

“வட்டமாக ஆடுவது நமக்குப் புதிதா? கும்மியில்லையா? கோலாட்டமில்லையா?” என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. நன்றாய் உண்டு. ஆனால் எந்தக் கும்மியில் எந்த லயத்துப் பெண்கள் சேர்ந்து நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆட்டம் வட்டமாயிருந்தது, வாசல் குறுகலாயிருந்தது.

இனி ஜப்பானியரைப் புகழுகிறவர்களிடம் வருகிறேன். இவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கசப்பானது.

ஜப்பானியர் கலாசாரத்தைப் பரப்பி ஆசியாக்காரரை ஒன்று சேர்ப்பது என்னும் யோசனை இன்று பிறந்ததல்ல. இதே மண்ணில் ஒருமுறை, மூன்றரை வருஷம், சர்க்கார் செலவில் நடந்து முடிந்த பரீட்சை அது. 1941-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி ஜப்பானியச் சேனை கோத்தபாருவில் இறங்கியது. ஜனவரி மத்தியில் மலாக்கா அவர்கள் கைக்குப் போயிற்று. பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. கடியாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள். 1942-ம் வருஷத்தை 2602 என்று எழுதச் சொன்னார்கள். பள்ளிக்கூடங்களில் நிப்பொங்கோ பாஷை, காலையில் சக்கரவர்த்தி இருக்கும் திக்கை நோக்கி வணக்கம், ஏப்ரல் 29-ல் அவருடைய பிறந்தநாள் கொண்டாட்டம். ஆசியா ஆசியாக்காரருக்கே என்று கோஷம். கலாசாரப் பிரசாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

பலன் என்ன? சீனரை வரிசையில் நிறுத்திப் பொறுக்கிக் கொன்றார்கள். உயிர் தப்பினவர்களிடம் 5 கோடி டாலர் காணிக்கை கேட்டார்கள். மலாக்காவில் புக்கிட் சீனா அடிவாரத்தில் நிற்கும் நினைவுச் சின்னம் அக்காலத்தில் மாண்ட சீனருக்கானது. அதன் எதிரே காரில் போகிறவர்கள் ஒரு தடவை இறங்கிப் பார்க்கலாம். மலாய்க்காரரைப் போலீஸில் வைத்து, காட்டிலிருந்து எதிர்த்த சீனர்மேல் ஏவினார்கள். அந்த விரோதம் 1945-ல் பத்து பகாட், மூவார் பக்கங்களில் இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் அளவுக்கு முற்றியது. மூவார் நம் மாநிலத்தின் எல்லைக்கு அடுத்த ஊர். ஒன்று சேர்க்க வந்த கலாசாரம் இவ்வளவும் செய்துவிட்டுப் போயிற்று.

தமிழனுக்கு அவர்கள் வைத்த பங்கு சயாம் ரயில். பர்மாவுக்குச் சேனை கொண்டுபோக 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942-ல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோன ஆட்கள் எழுபதினாயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி ஏற்றினார்கள். பிறகு சொல்லாமலும் பிடித்து ஏற்றினார்கள். காலரா வந்தது, மலேரியா வந்தது, டாக்டர் வரவில்லை. செத்துப்போன வெள்ளைச் சிப்பாய்கள் 12,000 பேருக்கு மேல் என்று கணக்குண்டு. காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஆசியத் தொழிலாளரில் செத்தவர் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்று மதிப்புச் சொல்லுகிறார்கள். மதிப்புத்தான், கணக்கில்லை. கணக்கு வைக்க வேண்டியவன் அவர்களை ஆளாகக் கருதவில்லை.

இதில் கிராணி வர்க்கத்துக்கும் ஒரு பங்குண்டு; அதை மறைத்துவிட்டு ஜப்பானியனை மட்டும் திட்டுவது நாணயமாகாது. தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று சேனைக்காரன் கேட்டபோது, தோட்டங்களில் பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் கிராணிமாரும் கங்காணிமாரும். யாருடைய பெயர் முதலில் விழுந்திருக்கும்? செக்ரோல் எழுதுகிற எவனும் ஊகிப்பான். கேட்க நாதியில்லாதவன் பெயர். கோயிலில் கடைசித் தட்டு வாங்கினவன், அந்தப் பட்டியலில் முதலிடம் வாங்கியிருப்பான்.

அதே வருஷங்களில் அதே தோட்டங்களிலிருந்து பலர் நேதாஜியின் படைக்குப் போனார்கள். அவர்களை மேடையில் புகழுகிறோம், புகழவேண்டியதுதான். சயாமுக்குப் போனவர்களைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. படைக்குப் போனவன் கையில் துப்பாக்கியிருந்தது, சயாமுக்குப் போனவன் கையில் மண்வெட்டியிருந்தது என்பதைத் தவிர இதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. 1944-ல் அந்த ஜப்பானியச் சேனையே காஞ்சனபுரியில் ஒரு நினைவுத்தூண் நாட்டி, அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்து வைத்தது. அங்கே நம்மவர் முயற்சியில் நடுகல் நாட்டியது 2023-ம் வருஷம் மே மாதத்தில். இரண்டு கல்லுக்கும் நடுவே 79 வருஷம்.

அப்படியானால் ஜப்பானியர் ஆட்டத்தை விலக்கிவிடு என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. ஷா ஆலத்தில் மேளம் அடிக்கும் பிள்ளைகள் யாரையும் சயாமுக்கு ஏற்றவில்லை. பாட்டன் செய்த பாவத்துக்குப் பேரன் கையிலுள்ள கோலைப் பிடுங்குவது நியாயமென்றால், பட்டியல் எழுதின கிராணிமாரின் பேரப்பிள்ளைகள் கையிலுள்ள பேனாவையும் பிடுங்கவேண்டும். நான் கேட்பது வேறு. ஜப்பானியத் தூதரகத்தாரும் அவர்கள் கலைக்கு இங்கே வரவேற்பளிப்பவர்களும், அன்பு, அமைதி, அழகு என்று பேசும்போது, அந்தப் பேச்சில் சயாமுக்கும் ஒரு வாக்கியம் இருக்கட்டும். கலைப் பிரசாரம் ஒன்றும் தர்மச் சத்திரமல்ல. ஜப்பான் அறநிலையம் 1972-ல் ஏற்பட்டது. 1974-ல் ஜப்பானியப் பிரதமர் வந்தபோது ஜகார்த்தாவில் கலகமே நடந்தது. 1977-ல் மணிலாவில் அடுத்த பிரதமர்களில் ஒருவராகிய புக்குதா, இதயத்தோடு இதயம் பேசும் உறவு வேண்டும் என்றார். கார் விற்கிற நாட்டுக்கு நல்ல பெயரும் வேண்டியிருந்தது. 1982-ல் டாக்டர் மகாதீர் ‘கிழக்கே பாருங்கள்’ என்றார், நாம் பார்த்தோம். பார்க்கிறவன் சயாமும் நமக்குத் தெரிந்த கிழக்குத்தான் என்பதை நினைவில் வைத்துப் பார்க்கட்டும்.

இன்னொரு விஷயம். இதுதான் என் மனசில் அதிகம் உறுத்துவது. பரண்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்களே, அந்தத் தைக்கோ மேளம்: அதன் தோலைப் பதப்படுத்தியவர் யார்? ஜப்பானிலும் தோல் வேலை செய்தவர்களையும், பிணக்காரியம் பார்த்தவர்களையும், மாடறுத்தவர்களையும் தீண்டத்தகாதவர்களாகத் தள்ளி வைத்திருந்தார்கள். புராக்குமின் என்று அவர்களுக்குப் பெயர். 1871-ல் சட்டத்தால் அந்த இழிவை எடுத்துவிட்டதாக உத்தரவு வந்தது. மனசிலிருந்து எடுக்க உத்தரவு வரவில்லை. கலியாணத்துக்குப் பெண் பார்க்கையில் பூர்வீகம் விசாரித்து ஒதுக்கினார்கள். வேலைக்கு ஆள் எடுக்கையிலும் ஒதுக்கினார்கள். 1922-ம் வருஷம் மார்ச்சு மாதம் அவர்கள் கியோத்தோவில் கூடி, மனிதன் மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்று சுயிஹெய்ஷா என்னும் சங்கம் கண்டார்கள். ஒஸாக்காவில் நானிவா என்னும் பகுதி மேளம் செய்கிறவர்களின் பகுதி. ஊரெல்லாம் அவர்கள் செய்த மேளத்தை அடித்தது, செய்தவர்களை ஒதுக்கியது. 1987-ல் அப்பகுதிப் பிள்ளைகள் தாங்களே மேளத்தை எடுத்து அடிக்கக் கூட்டம் சேர்த்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘இகாரி’. கோபம் என்று அர்த்தம்.

இதைப் படித்தபோது என் தலையில் பறையடித்தது என்று சொன்னால் அதில் உவமானம் ஒன்றுமில்லை. நம் தோட்டத்தில் தப்படித்தவன் யார்? சாவுக்கு அவன் வேண்டும். கலியாணப் பந்தலுக்குள் வேண்டாம். மாட்டுத்தோல் தீட்டு என்று மேளத்தைத் தள்ளி, மேளக்காரனையும் தள்ளினோம். இன்று நம் பிள்ளைகள் உறுமியைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தால், ரௌடிகள் என்றும் ஒழுங்கீனம் என்றும் பெரியவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சில இடங்களில் ஒழுங்கீனம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே பெரியவர்கள் பட்டணத்து மண்டபத்தில் டிக்கட்டு வாங்கி உட்கார்ந்து, தைக்கோவுக்கு ஆகா ஆகா என்று கை தட்டுகிறார்கள். அதுவும் மாட்டுத்தோல்தான் ஐயா! அதை வார்த்துக் கட்டியவனும் உன் தப்புக்காரனைப் போல ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவன்தான். கடல் கடந்து வந்ததால் தோல் சுத்தமாகிவிட்டதா?

ஆகவே ஜப்பானியர் கலையை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம், கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது உயர்ந்த ஜாதி நாகரிகம் என்று கற்றுக்கொடுக்க வேண்டாம். அங்கும் இந்த அழுக்கு உண்டு, அங்கும் அதைக் கழுவ எழுந்தவர்கள் உண்டு என்று கற்றுக்கொடுங்கள். நானிவாப் பையனுக்கும் ஜாசின் பையனுக்கும் உள்ள உறவு, தூதரகத்தார் ஏற்படுத்திக் கொடுக்கும் உறவைவிடப் பழையது.

மலாக்காவில் சொந்தச் சரக்கே இல்லையா என்றும் ஒரு கேள்வியுண்டு. இருக்கிறது. தொண்டாங் சாயாங் என்னும் பாட்டு இருக்கிறது. வயலினும் ரெபானாவும் கோங்கும் ஒலிக்க, இருவர் எதிரெதிரே நின்று பந்துன் கட்டி ஒருவருக்கொருவர் பதில் பாடுவது. மலாய்க்காரர் பாடுகிறார்கள், பாபா சீனர் பாடுகிறார்கள், செட்டிகள் பாடுகிறார்கள், போர்த்துக்கீசியர் பாடுகிறார்கள். 2018-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாலு சமூகத்தாருக்கும் பொதுவான அந்தப் பாட்டில் தோட்டத் தமிழன் குரலை நான் கேட்டதில்லை. 1896-ல் டான் சாய் யான் என்னும் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட காலத்திலிருந்து இம்மாநிலத்தில் ரப்பர் உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் இங்கே மரம் சீவினோம். மலாய் நன்றாய்ப் பேசுகிறோம். சண்டையும் மலாயில் போடுகிறோம். நாலு அடி பந்துன் கட்ட மட்டும் ஏன் வரவில்லை? தோட்டத்துக் கேட்டைப் பூட்டி வைத்தவன் துரை. பாட்டுக்கு வெளியே நின்றுகொண்டவர்கள் நாம். ஜப்பானியர் ஆட்டத்தில் சேருகிற கால், அடுத்த வாரம் தொண்டாங் சாயாங் நடக்கும் வீட்டுப் படியையும் ஏறட்டும்.

மலாக்காவில் இந்த ஆட்டத்தை நடத்த முன்வருகிறவர்கள் யாராயிருந்தாலும் அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இது. பண்டா ஹிலீரில் கடைவீதிக்காரர் பார்ப்பதற்காக நடத்தாதீர்கள். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ ஒரு பள்ளிக்கூடத் திடலில் நடத்துங்கள். தைக்கோ இருக்கும் பரணிலேயே உறுமிக்காரனையும் தப்புக்காரனையும் ஏற்றுங்கள். கீழே ஓரத்தில் நிறுத்த வேண்டாம். செத்தவர்களை நினைக்கும் ஆட்டமாகையால், ஆடுமுன் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களில் நமக்குத் தெரிந்த பெயர்களை வாசியுங்கள். புக்கிட் சீனாவின் அடிவாரத்துக் கல்லுக்குரியவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜப்பானியர் நின்று கேட்கட்டும். கேட்பார்கள் என்றே நம்புகிறேன். வங்காளதேசத்தானையும் நேபாளத்தானையும் இந்தோனேசியனையும் கூப்பிடுங்கள். அவர்களும் இன்று பட்டியலில் பெயராக மட்டும் இருப்பவர்கள்.

மேடை வேண்டாம். முன்வரிசை நாற்காலி வேண்டாம். யாருக்கும் பொன்னாடையும் மாலையும் போடவேண்டாம். அந்தப் பணத்தில் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிவர இரண்டு பஸ் பிடிக்கலாம்.